ஃபார்மட் அடிப்பதற்கு முன் பேரேட்டைப் பாருங்கள்

தராசு வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் நம் கடைகளுக்கு இப்படிப் பார்த்து வாங்கிய சரக்காக வருவதில்லை. மகன் படிப்பை முடித்து வெளியூர் போனபோது விட்டுச் சென்றது, மைத்துனர் அலுவலகத்தில் கழித்துக் கட்டியது, ஆடிட்டர் ஆபீசில் புதியது வந்ததும் "நீங்க வேணும்னா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று கொடுத்தது என்று கை மாறி வந்து சேர்ந்தவையே அதிகம். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியது, அவர்கள் படித்து முடித்த பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதையும் பல ஊர்களில் காணலாம்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் இருக்கும் மர அலமாரிகூட அப்பா காலத்தில் வேறு கடையிலிருந்து வந்ததாக இருக்கும். ஆனால் இப்படி வந்த கம்ப்யூட்டர் ஒருநாள் திணற ஆரம்பிக்கிறது. காலையில் சுவிட்ச் போட்டால் முதல் பில் வர ஒன்பதே கால் ஆகிறது. பழுது பார்க்க வரும் தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சு பழையபடி விண்டோஸ் போட்டுரலாம் அண்ணாச்சி, அரை நாள் வேலை" என்கிறார். நாமும் வாடிக்கையாளருக்குச் சீரகம் பொட்டலம் கட்டிக்கொண்டே தலையை ஆட்டி விடுகிறோம்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பழைய கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸைத் திரும்பப் போடுவதே தவறு, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் விற்பவர்கள். அவர்கள் கட்சியில் நான் இல்லை. ஆனால் எதைப் போடுவது, எப்போது போடுவது, போட்ட பிறகு அந்த இயந்திரத்தை எந்த வேலைக்கு விடுவது என்பதெல்லாம் முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. பழுது பார்க்க வந்தவரிடம் அதை விட்டுவிட்டு நாம் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

பழையதை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இதைக் கஞ்சத்தனம் என்று புதுத் தலைமுறைப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல மொத்த வியாபாரக் கடைகளில் பில் போடும் புரோகிராம், டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. மூட்டைக்கு இவ்வளவு கழிவு, ஏற்றுகூலி தனி, சாக்குக்குத் தனி என்று நம் வழக்கத்துக்கு ஏற்பத் தைத்த சட்டை அது. இந்த டாஸ் புரோகிராம்கள் 32 பிட் விண்டோஸில் ஓடும். 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. இன்றைய விண்டோஸ் 11-இல் 32 பிட் என்ற வகையே கிடையாது. அடுத்தது பிரின்டர். கார்பன் வைத்து மூன்று படி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை 25 முனை கொண்ட அகலமான பின்னில் செருகி வைத்திருக்கிறோம். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் துளையே இல்லை. மின் தராசை இணைத்திருந்தால் அதற்கும் இதே கதை. ஆகவே ஒரு பெட்டியை மாற்றப் போனால் புரோகிராம், பிரின்டர், தராசு என்று வரிசையாக மாற்ற வேண்டி வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தவர் பழையதையே தொடர்வதில் வியப்பில்லை.

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யும் 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-உம் இன்னும் கடைகளில் உயிரோடு இருப்பது இதனால்தான். எக்ஸ்.பி.க்கு 128 எம்.பி. நினைவகமே போதும் என்று அன்று சொன்னார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய பெட்டிக்கு இது ஒத்து வராது.

சரி, பழையதையே போடுவோம். ஃபார்மட் என்றால் என்ன? ஹார்ட் டிஸ்கில் ஒரு பகுதியைத் துடைத்து வெறும் பலகையாக்குவது. "டி டிரைவ்ல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தம்பி சொல்வார். உண்மைதான். ஆனால் நம் கணக்கு டி டிரைவில்தான் இருக்கிறது என்று யார் பார்த்தது? கணக்குப் புரோகிராம்கள் பலவும் தம் தகவல்களை சி டிரைவிலேயே எழுதுகின்றன. திரையில் வைத்திருக்கும் கோப்புகளும், மை டாகுமென்ட்ஸில் இருப்பவையும் சி டிரைவைச் சேர்ந்தவையே. எக்ஸ்.பி. போடும் நீலத் திரையில் டி எழுத்தை அழுத்தி, உறுதிப்படுத்த எல் எழுத்தை அழுத்தினால் அந்தப் பகுதியே போய்விடும். விண்டோஸ் 7-ஐ ஃபார்மட் அடிக்காமல் மேலாகப் போட்டால் பழையவற்றை 'விண்டோஸ் ஓல்டு' என்ற பெயரில் ஒரு ஃபோல்டராக ஒதுக்கி வைக்கும். எக்ஸ்.பி.யிடம் அந்தக் கருணையும் கிடையாது.

"பென் டிரைவில் காப்பி எடுத்தாச்சு" என்று கடைப் பையன் சொல்வதையும் அப்படியே நம்பக்கூடாது. திரையில் தெரியும் கணக்குப் படத்தை இழுத்துப் பென் டிரைவில் போட்டுவிட்டுக் காப்பி என்று நினைத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. அது ஷார்ட்கட் எனப்படும் வெறும் வழிகாட்டிப் பலகை. அளவைப் பாருங்கள், ஓரிரண்டு கே.பி.தான் இருக்கும். ஐந்து வருடக் கொள்முதலும் விற்பனையும் இரண்டு கே.பி.யில் அடங்குமா? எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் அதே புரோகிராமில் திறந்து, பாக்கி அதிகமுள்ள நான்கு வாடிக்கையாளர்களின் கணக்கை எடுத்து, போன மாதம் அச்சிட்ட தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அது காப்பி. அதுவரை அது நம்பிக்கை மட்டுமே.

இதில் சட்டமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர் அதற்கு முறையான காப்பியும் வைத்திருக்க வேண்டும், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "ஃபார்மட் அடிச்சதுல போயிடுச்சு சார்" என்று வரி அதிகாரி முன்னால் போய் நிற்க முடியாது. அதிகாரியை விடுங்கள். கடன் பாக்கிப் பட்டியல் போனால் "நான் போன மாசமே கொடுத்துட்டேனே" என்பவரிடம் எதைக் காட்டுவது?

என்னைக் கேட்டால், காப்பி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பழைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் அடிக்கவே கூடாது. கழற்றித் துணியில் சுற்றி, தேதி எழுதி, பத்திரம் வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். சிறிய கொள்ளளவில் வேறொரு டிஸ்க் வாங்கி அதில் புதிதாக விண்டோஸ் போடச் சொல்லுங்கள். ஒரு மூட்டை துவரம்பருப்பு தண்ணீரில் நனைந்தால் ஆகும் நஷ்டத்தைவிட இந்தச் செலவு குறைவு. என்ன மறந்தாலும் திரும்பிப் போய் எடுக்க ஓர் இடம் இருக்கும். அப்படி மறக்கக்கூடியவை சில உண்டு. வாடிக்கையாளர் பெயர்களைப் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருவைத் திரும்பப் போடாவிட்டால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். கணக்குப் போனதாக அலற வேண்டாம், எழுத்துரு வந்ததும் சரியாகிவிடும். ஆனால் அந்த எழுத்துருவை இன்று தேடிப் பிடிப்பதற்குள் ஒரு வாரம் போகும். பிரின்டருக்கான டிரைவர் மென்பொருளும் அப்படியே. விலைக்கு வாங்கிய கணக்குப் புரோகிராம் என்றால், அதன் உரிமம் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருக்கும். பிரிக்கும் முன்பே அதை விற்ற டீலரிடம் பேசி, உரிமத்தை ஒப்படைத்துத் திரும்பப் பெறும் வழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் ஏறிய பிறகும் பில் விஷயத்தில் மூன்று இடங்களைப் பார்க்காமல் முதல் பில்லைக் கிழிக்க வேண்டாம்.

ஒன்று, பில் எண். புதிதாகப் போட்ட புரோகிராம் 1-இலிருந்து தொடங்கும். ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு பில்லுக்கு வரக்கூடாது என்பது விதி 46. விட்ட எண்ணிலிருந்து தொடருங்கள்; முடியாவிட்டால் முன்னெழுத்தை மாற்றி வேறு வரிசையாகத் தொடங்கி, அதை ஆடிட்டருக்கும் தெரிவியுங்கள்.

அடுத்தது வரி விகிதம். இது இப்போது மிக முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, சோப்பு, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய், வெண்ணெய், மிக்சர் வகைகள் 12-இலிருந்து 5-க்கு வந்தன. அந்தத் தேதிக்கு முன் எடுத்த காப்பியைக் கொண்டு மீட்டால் பழைய விகிதமும் கூடவே திரும்பி வந்து உட்காரும். வாடிக்கையாளரிடம் வரி என்று கூடுதலாக வாங்கியதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். வாடிக்கையாளரின் வாய்க்கும் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தேதி. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற காசு அளவு பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால், மின்சாரத்தை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி எங்கோ பின்னோக்கிப் போய்விடும். காலையில் போட்ட பில் இருபது வருடத்துக்கு முந்தைய தேதியில் வரும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் இந்தப் பேட்டரியை மாற்றாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்து விண்டோஸ் போட்டுக்கொள்வோரும் உண்டு.

போடும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது தம்பியின் தொழில். யு.பி.எஸ். பேட்டரி தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்துதான். சாட்டா வகை ஹார்ட் டிஸ்கில் எக்ஸ்.பி. போடும்போது நீலத் திரை வந்து நின்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று உடனே இன்னொன்று விற்க விடாதீர்கள். பயாஸில் ஏ.எச்.சி.ஐ. என்றிருப்பதை ஐ.டி.இ. என்று மாற்றினால் பெரும்பாலும் ஓடும். எக்ஸ்.பி. அந்த முறை வருவதற்கு முன் பிறந்தது. இன்னும் 39 நிமிடம் என்று அது காட்டும் கணக்கை நம்பிக் கடையைத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் 25 எழுத்துகள் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். எக்ஸ்.பி., விண்டோஸ் 7 காலத்து பிராண்டு கம்ப்யூட்டர்களில் அது இருக்கும். அந்த உரிமம் அந்தப் பெட்டியைச் சேர்ந்தது. பெட்டி கை மாறினால் அதுவும் கூடவே வரும். ஆகவே, தேய்ந்து போவதற்குள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே பதிப்பைப் போடச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு எல்லாக் கடைக்கும் போடும் ஒரே திருட்டுக் குறுந்தகட்டை நம் கடையிலும் போடுவானேன்? பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த 63 பி பிரிவு, தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபாரத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்ற சலுகையும் அதிலேயே இருக்கிறது. நாம் வியாபாரிகள், அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது. சட்டம் ஒருபுறம் இருக்க, பூட்டை உடைத்து வந்த அந்தக் குறுந்தகட்டில் வேறு என்னென்ன கூடவே வந்திருக்கிறது என்பதை அதை விற்றவரே அறியமாட்டார்.

இனி முக்கியமான விஷயம். போட்டு முடித்த கையோடு தம்பி இன்டர்நெட் கம்பியையும் செருகுவார். அங்கே கையைப் பிடிக்க வேண்டும். எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பொதுவாக நின்றன. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பார் இல்லை. திருத்தம் இருந்தும் போடாதவர்கள் கதியே என்னவாயிற்று என்று 2017 மே மாதம் பார்த்தோம். வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், பிரிட்டன் மருத்துவமனைகள் முதல் கேரளத்துச் சில ஊராட்சி அலுவலகங்கள் வரை கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அதில் சிக்கியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். இன்றைய நிலையில் போடுவதற்கே ஒன்றும் வருவதில்லை. குரோம் உலாவியும் விண்டோஸ் 7-ஐ 2023-இலேயே கைவிட்டுவிட்டது.

ஆகவே என் கருத்து இதுதான்: பழைய விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர் பில் போடட்டும், பேரேடு எழுதட்டும், டாட் மேட்ரிக்ஸில் கர்ர் கர்ர் என்று மூன்று படி எடுக்கட்டும். இன்டர்நெட் அதற்குக் கூடாது. ஜி.எஸ்.டி. அறிக்கை, ஈ-வே பில், வங்கிக் கணக்கு இவற்றை வேறொரு கருவியில் செய்யுங்கள். பூட்டு கெட்டுப்போன கல்லாப்பெட்டியை உள்ளறையில் வைத்துப் பயன்படுத்தலாம், வாசல் திண்ணையில் வைக்க முடியாது. பென் டிரைவும் ஒரு வாசல்தான். ஆடிட்டர் ஆபீசுக்குக் கணக்குக் கொண்டு போகும் பென் டிரைவில், பேத்தியின் பிறந்தநாள் படத்தையும் கம்பெனி சேல்ஸ்மேன் கொடுத்த விலைப்பட்டியலையும் சேர்க்காதீர்கள். கணக்குக்கென்று ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள்.

இன்டர்நெட் வேலைக்கு இன்னொரு பழைய பெட்டி இருந்தால், உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும், உரிமத் தொல்லை இல்லை. இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் வந்ததால் நம் பிள்ளைகளுக்கு அது முற்றிலும் புதிதும் அல்ல. ஆனால் நாம் பழகிய விண்டோஸ் கணக்குப் புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது. பில் மேசைக்கு லினக்ஸ் என்று எவரேனும் ஆசை காட்டினால், புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கம்ப்யூட்டர்களை அலுவலகங்கள் கழிக்கின்றன. கழித்தவை ரிச்சி தெரு போன்ற இடங்கள் வழியாகவும் உறவினர் வழியாகவும் நம் கடைகளுக்கே வரும். அவற்றில் "விண்டோஸ் 7 போட்டா லேசா ஓடும்" என்று சொல்லிப் பின்னோக்கி இழுப்பார்கள். டாஸ் புரோகிராமுக்காக அல்லது பழைய பிரின்டருக்காக என்றால் சரி, மேலே சொன்ன கட்டுப்பாட்டோடு போடலாம். வேகத்துக்காக என்றால் வேண்டாம். நினைவகத்தைக் கூட்டி, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் இருக்கிற விண்டோஸே வேகமாக ஓடும். வாங்கும்போதே, முன்பு வைத்திருந்தவரின் கோப்புகள் உள்ளே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவருடைய சம்பளப் பட்டியல் நமக்கு எதற்கு? நம்முடையதை நாம் விற்கும்போதும் இதே நினைவு வேண்டும்.

நாள் பார்ப்பதும் நம் வழக்கம்தானே. மாதம் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ம் தேதிக்குள் வரி அறிக்கை என்று மாதாமாதம் கட்டுகிற கடைக்காரர் 20 கழிந்த பிறகு வரும் ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்துகொள்ளலாம். மார்ச் கடைசி வேண்டாம், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம்.

நமது சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள் என்று எழுதிவிட்டேன். ஒரே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சிறு கடைக்காரர் எங்கே போவார்? சங்க அலுவலகத்தில் ஒரு மூலையில், இன்டர்நெட் இணைப்பு இல்லாமல், 32 பிட் விண்டோஸும் 25 முனைப் பிரின்டரும் கொண்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, உறுப்பினர்கள் தங்கள் காப்பியைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள அனுமதிக்கலாம். பெட்டிக்குச் செலவு இல்லை. கொடுக்க முன்வரும் உறுப்பினர்கள் நிச்சயம் இருப்பார்கள்.